தலை தீபாவளிக்குப் படகில் போன மாப்பிள்ளை

புது மாப்பிள்ளைக்குக் கல்யாணமான முதல் வருஷம் கழுத்து திரும்பாது. மாமியார் வீட்டுக் காபியில் சர்க்கரை கம்மியானால் திரும்பாது. மச்சான் எழுந்து நின்று வரவேற்கவில்லை என்றால் திரும்பாது. எங்கள் பக்கம் இதற்கு முறுக்கு என்று பேர். எனக்கு அது கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. (இப்போது கழுத்து நிஜமாகவே திரும்புவதில்லை. அது எலும்பு டாக்டர் சமாசாரம், விடுங்கள்.)

இருபது வருஷம் இருக்கும். திருவண்ணாமலையில் ஓர் அரசாங்க ஆபீசில் நான் கிளார்க். செங்கம் ரோட்டுக்கு உள்ளே தள்ளி வீடு. அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, அப்பாவும் நானும்தான். ஆவணியில் கல்யாணமாகி வனிதா வந்தாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு என்பது ஒன்று மறந்துபோகும், இல்லையென்றால் ரெண்டு பேரும் ஆளுக்கொரு தடவை போட்டிருப்போம்.

வனிதாவின் அப்பா வீடு, அடி அண்ணாமலை போகிற வழியில் புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் இருந்தது. குறுக்கே நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் ஓர் ஓடை. வருஷத்தில் பதினோரு மாசம் அதில் ஓடுவது ஆடுகள் மட்டும்தான்.

ஐப்பசியில் தலை தீபாவளி வந்தது. மாமா (மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தட்டில் பழம், வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு அழைக்க வந்தார். நான் ஆபீசில். அடுத்த வாரம் மறுபடி வந்தார். நான் சினிமாவில். பாவம் மனுஷர், அப்பாவிடம் தட்டைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"எங்கப்பாகிட்ட சொன்னா ஆச்சா? தலை தீவாளி அவருக்கா எனக்கா?" என்று வனிதாவிடம் குதித்தேன்.

"ரெண்டு வாட்டி வந்தாருங்க. முட்டி வலியை வெச்சுக்கிட்டு நடந்தே வந்தாரு."

"நேர்ல கூப்பிடாத வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஒரு பையை எடுத்துக்கொண்டு, "நான் போறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள். அவள் தம்பி குமரேசன் மொபெட்டில் வந்து கூட்டிக்கொண்டு போனான். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். (தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அப்பா சொல்வார். அது பொய். கொஞ்சம் சாய்வாக இருந்திருக்கலாம்.)

அன்றைக்குச் சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் அத்தனையும் ஏரிக்குப் போகிற வழியில் எங்கள் நகர்களை எல்லாம் விசாரித்துவிட்டுப் போனது. கரண்ட் இல்லை, போனும் செத்துவிட்டது.

தீபாவளி விடிந்தது. அப்பா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"உக்காருடா. மாமனார் வூட்டுல எண்ணெய் வெக்க வேண்டிய தலை. நான் வெக்கிறேன், என் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். தேய்க்கிறாரா அடிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. "அந்தப் பொண்ணு வந்தப்புறந்தான் இந்த வூட்டுல நேரத்துக்கு வெளக்கு எரியுது. இன்னிக்கு அவங்க வூட்டுல நோன்பு. நீ போகாம அது பச்சத் தண்ணி குடிக்குமா? தெருவே கேக்கும், மாப்பிள்ள எங்கன்னு. இன்னா சொல்லும் அது?"

அவர்கள் வீட்டில் தீபாவளியன்று கேதார கௌரி நோன்பு உண்டு. அதிரசம் வைத்துப் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொள்கிற வரைக்கும் பட்டினி. தலை தீபாவளி என்றால் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கட்டிக்கொள்ள வேண்டும். எனக்குச் சுரீர் என்றது. என் கயிறு தட்டில் கிடக்க, அவள் காலி மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. எண்ணெய் கண்ணில் இறங்கியதால்தான் கண் கலங்கியது என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

போகலாம் என்று கிளம்பினால் வழி இல்லை. ஓடைத் தரைப்பாலம் முங்கிப் போச்சு, சுத்திப் போற ரோடும் அறுத்துக்கிச்சு என்று பால்காரர் சொன்னார். அப்போதுதான் மாடி அறையில் கிடந்த அந்த மூட்டை ஞாபகம் வந்தது.

எங்கள் மாடியில் தாமஸ் என்று ஒரு வெள்ளைக்காரர் மூன்று வருஷம் குடியிருந்து தியானம் பண்ணினார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு பாய், ஒரு குக்கர், மடித்துக் கட்டிய ஒரு ரப்பர் படகு மூன்றையும் எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். படகை சாத்தனூர் அணையில் ஓட்டத்தான் கொண்டுவந்தாராம். அங்கே முதலை உண்டு என்று யாரோ சொன்னதும் மடித்துவிட்டார். அதற்குக் கயாக் என்று பேர். ஒரே ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, ரெண்டு முனையிலும் தகடு வைத்த ஒற்றைத் துடுப்பை இப்படியும் அப்படியும் வலிக்க வேண்டும். மொட்டை மாடியில், தண்ணீரே இல்லாமல், எனக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டியிருக்கிறார். என் பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

சைக்கிள் பம்ப்பால் முக்கால் மணி நேரம் காற்றடித்தேன். ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று எழுந்து நின்றது. கிளம்பலாம் என்றால் அப்பா குறுக்கே வந்தார்.

"எந்த வண்டியா இருந்தாலும் பூசை போடாம எறக்கக் கூடாதுடா."

மிக்சிக்கே சூடம் காட்டியவரிடம் என்ன பேச முடியும்? பூசணிக்காய் உடைத்தார். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சக்கரம் எங்கடா?" என்று படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மூக்குக்கு அடியில் ஒன்று, வாலுக்கு அடியில் ஒன்று வைத்தார். நான் உள்ளே போய்ப் பட்டு வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டைக்குக் கொஞ்சம் சென்ட் போட்டுக்கொண்டேன். வெள்ளத்தில் போகிறவனுக்கு சென்ட் எதற்கு என்று இன்றைக்குக் கேட்கலாம். அன்றைக்கு மாப்பிள்ளை.

நான் உள்ளே இருந்த அந்த ஐந்து நிமிஷத்தில்தான் காரியம் நடந்திருக்கிறது. அப்பா முப்பது வருஷம் மல்லாட்டை மண்டியில் மூட்டை தைத்தவர் (வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர்). ரிட்டயர் ஆன பிறகும் சட்டைப் பையில் கோணி ஊசியும் சணலும் இருக்கும். கிழிந்தது எதைக் கண்டாலும் தைப்பார், கிழியாததையும் தைப்பார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து படகு மூக்கில் தொங்கவிடப் பார்த்திருக்கிறார். கட்ட ஒரு கொக்கி இல்லை. மண்டிக்காரர் கை சும்மா இருக்குமா? நறுவிசாக நாலு தையல் போட்டிருந்தார்.

தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். நான் கம்பீரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அப்பா பின்னாலிருந்து தள்ளினார். எதிர்வீட்டு அக்கா புதுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்க, மாமியார் வூட்டுக்கா? பாத்துப் போப்பா, நேரா மெட்ராஸுக்குப் போயிடப் போற!" என்றாள். தெருமுனை தாண்டியதும் படகு மிதந்தது. அப்பா ரெண்டு கையையும் தூக்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஓடை எது, மனை எது, ரோடு எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே தண்ணீர். எனக்கு வலது கையில் பலம் ஜாஸ்தி. அதனால் படகு இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. ஊர் உலகமே இங்கே வந்து மலையைச் சுற்றுகிறது. நான் ஒரு கரண்ட் கம்பத்தை மூன்று சுற்று சுற்றினேன், அதுவும் அப்பிரதட்சிணமாக.

நாலாவது சுற்றில் எப்படியோ பிடிபட்டது. மழை விட்டிருந்தது. மேகம் விலகி மலை பாதி தெரிந்தது, பாறை இடுக்குகளில் தண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. வனிதாவிடம் சொல்ல மூன்று வாக்கியம் தயார் பண்ணினேன். மூன்றாவதில் மன்னிப்பு என்ற சொல்லே வந்தது.

அப்போதுதான் உஸ்ஸ் என்று சத்தம் கேட்டது. பாம்பு என்று நினைத்தேன். பாம்பாகவே இருந்திருந்தால் தேவலை. படகின் மூக்கு கொழகொழவென்று தொங்கிப்போய், எலுமிச்சம்பழம் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த நாலு தையலையும் அப்போதுதான் பார்த்தேன். "அடப்பாவி அப்பா!" என்று கத்தினேன். பெற்ற தகப்பனை அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

படகு நடுவில் மடங்கி என்னைப் போண்டா மடித்த பேப்பர் மாதிரி மூடியது. நல்லவேளை, பக்கத்தில் ஒரு பெரிய விளம்பரப் பலகை நின்றது. 'வீட்டு மனைகள் விற்பனைக்கு. நல்ல தண்ணீர் வசதி' என்று எழுதியிருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, செத்துப்போன ரப்பர் மேல் முட்டி போட்டபடி, "அப்பா!" என்று கத்தினேன். அப்புறம் "மாமா!" கடைசியாக "வனிதா!" பத்தடி தள்ளி ஓர் எருமை கழுத்தளவு தண்ணீரில் நின்று அசை போட்டுக்கொண்டு என்னையே பார்த்தது. அது நிற்கிறது என்கிற விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கால் மணி நேரம் நிஜமாகவே பயந்துபோனேன். அவளோடு கடைசியாகப் பேசியது சண்டை என்பதே திரும்பத் திரும்ப வந்தது.

அந்தப் பக்கம் நடந்தது பிற்பாடு தெரிந்தது. சுற்றுகிற ரோடு அறுத்துக்கொள்ளவே இல்லை. பால்காரர் யாரோ சொன்னதைச் சொல்லியிருக்கிறார். என்னைக் கூட்டிவர மாமா காலையிலேயே குமரேசனை அந்த வழியாக அனுப்பியிருக்கிறார். அவன் சொட்டு நனையாமல் எங்கள் வீட்டுக்குப் போக, "அவன் படகுல போயிட்டானே" என்று அப்பா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். குமரேசன் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்திருக்கிறான்.

கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். புதுத் துணி கட்டிய ஒரு நகரே திரண்டு நின்றது. அதில் அரக்குப் பட்டுப் புடவை வனிதா. வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் கிணற்றுக் கயிற்றோடு மாமா தண்ணீரில் இறங்கினார். குமரேசன் தடுத்தும் கேட்கவில்லை.

"மாமா, வேணாம்! உங்க முட்டி!" என்று கத்தினேன்.

விந்தி விந்தி வந்தார். எனக்கு எதிரே, மார்பில் தண்ணீர் அலம்ப நின்றார். கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு ரெண்டு கையையும் கூப்பினார்.

"மாப்ள, நேர்ல கூப்பிடலைன்னு உங்களுக்கு வருத்தமாம். பாப்பா சொல்லுச்சு. தப்புதான். இதோ நேர்ல வந்துட்டேன். தலை தீவாளிக்கு வாங்க."

கேலி இல்லை. நிஜமாகவே கூப்பிட்டார். பலகையைக் கட்டிக்கொண்டிருந்த என்னால் திருப்பிக் கும்பிடக்கூட முடியவில்லை. "வர்றேன் மாமா" என்று மட்டும் சொன்னேன். அழுதுவிட்டேன்.

"அப்ப எழுந்து நில்லுங்க. எருமை நிக்குதில்ல?" என்றார்.

நின்றேன். மார்பளவுதான்.

கரையேறினபோது வேட்டியில் பாதிதான் என்னோடு வந்தது. வனிதா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வருவீங்கன்னு தெரியும்" என்றாள். "இப்படி வருவீங்கன்னுதான் தெரியலை." சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதாள், அழுதுகொண்டே முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். தயார் பண்ணி வைத்திருந்த மூன்று வாக்கியமும் வெள்ளத்தோடு போய்விட்டன.

"சாப்பிட்டியா?" என்றுதான் கேட்க வந்தது.

"நீங்க வராம எப்படிங்க?"

வெந்நீர் ஊற்றினார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் கையைப் பிடித்து நோன்புக் கயிற்றை அவள்தான் கட்டினாள். முதல் அதிரசத்தை அவள் கடித்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

மாமா முட்டி பூரி மாதிரி வீங்கி ஒரு வாரம் படுத்துவிட்டார். தினமும் ஆபீஸ் விட்டு நேராகப் போய் நான்தான் தைலம் தேய்த்தேன். மன்னிப்பை அப்போது சொன்னேன், ஒரு நாளைக்கு ஒன்றாக. "கொஞ்சம் அழுத்தித் தேயுங்க மாப்ள" என்பார், அவ்வளவுதான். அப்பாவிடம் தையலைப் பற்றிக் கேட்டதற்கு, "நாலு போட்டது பத்தலை போலக்குது" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா தானே வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். அதைத் தன் காலில் ஊற்றிக்கொண்டு, கை கூப்பி, "மாப்ள, தண்ணியில நின்னு கூப்பிடறேன், வருவீங்கல்ல?" என்பார். தெருவே சிரிக்கும். குமரேசன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து அதில் இறங்கி நின்று நீட்டினான். மாப்பிள்ளை வருவாரா என்று சொந்தத்தில் யாராவது கேட்டால், "தண்ணி ஊத்துனீங்களா?" என்றுதான் பதில்.

மாமா தவறி ரெண்டு வருஷம் ஆகிறது. அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. போன தீபாவளி சமயம், ஒரு காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வனிதா சொம்போடு கேட்டுக்கு வெளியே போனாள். காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கை கூப்பினாள்.

"எங்கப்பா கூப்பிடறாருங்க. வாங்க."

பேப்பரைப் போட்டேன், செருப்பை மாட்டினேன், விடுவிடுவென்று அவளைத் தாண்டி மாமா வீட்டுப் பக்கம் நடந்தேன். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து வனிதாவின் குரல் கேட்டது.

"தீவாளிக்கு இன்னும் நாலு நாள் இருக்குங்க!"