தர்ம நாற்காலிகள்

"பொண்ணு பார்க்க வர்றவங்கள எதுல உக்கார வெப்பீங்க? உங்க தலையிலயா?" என்று கணவரிடம் கேட்டாள் ஃப்ரைடல்.

எல்லாம் ஆன்ஷெல் செய்த தர்மத்தின் பலன். முன்பொரு நாள் மகள் ரெய்ஸலுக்கு வரன் அமையவில்லை என்று புலம்பப் போனவரிடம் யூத குருவான ரபி சொன்னார்: "தர்மத்துல மட்டும் ஆண்டவனைச் சோதிச்சுப் பார்க்கலாம்னு வேதமே சொல்லுது. குடுத்துப் பாரு."

கொடுத்தார். விசேஷ வீடுகளுக்கு நாற்காலிகளையும் துக்க வீடுகளுக்கு முக்காலிகளையும் இலவசமாக இரவல் தந்தார். அன்று முதல் எருசலேமில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் இவர் கதவைத்தான் இடித்தார்கள். வரன் மட்டும் வரவில்லை. இன்று வருகிறது, வீட்டில் ஒரு நாற்காலி இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலிகளைக்கூட நேற்று யாரோ தூக்கிப் போய்விட்டார்கள்.

மாடி வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டார்.

"தர்மமா குடுத்ததைத் திருப்பிக் கேட்டா புண்ணியம் போயிடும், ஆன்ஷெல். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அவர், ஆன்ஷெலின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

மிச்சமிருந்தவை துக்க வீட்டிலிருந்து காலையில் திரும்பி வந்த குட்டை முக்காலிகள். இறந்தவரின் வீட்டார் ஏழு நாள் உட்காருவதற்கானவை. வேறு வழியில்லாமல் அவற்றைக் கூடத்தில் போட்டார். தூக்கும்போது ஆணியில் மாட்டிச் சட்டைக் கழுத்து கிழிந்தது. மூலையில் குவிந்து கிடந்த தட்டுமுட்டுச் சாமான்கள் எதிர்க் கண்ணாடியில் தெரிந்தன. ஃப்ரைடல் கண்ணாடிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள்.

பையனின் அப்பா லைபிஷ் மனைவியோடு உள்ளே வந்தார். குட்டை முக்காலி, மூடிய கண்ணாடி, கிழிந்த சட்டை: மூன்றும் துக்கத்தின் அடையாளம். சாவு வீடு என்பதைத் தவிர ஒரு யூதருக்கு வேறென்ன தோன்றும்? சத்தமில்லாமல் உட்கார்ந்தார். பறிகொடுத்தவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பது வழக்கம். ஆன்ஷெலோ, மாப்பிள்ளை வீட்டார் முதலில் பேசட்டும் என்று காத்திருந்தார்.

லைபிஷின் மனைவி பிரெய்ண்டல், ஃப்ரைடலுக்கு ஆறுதல் சொல்லச் சமையலறைக்குப் போனாள்.

லைபிஷ் பெருமூச்சு விட்டார். ஆன்ஷெலும் விட்டார். போச்சு, இந்த இடமும் போச்சு. கொடுத்துக் கொடுத்து ஓய்ந்ததுதான் மிச்சம். ஆன்ஷெலுக்கு அழுகையே வந்துவிட்டது. லைபிஷ் பரிவோடு தலையாட்டினார்.

சமையலறை வாசலிலிருந்து பிரெய்ண்டல் ஆன்ஷெலைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க யாரும் சாகலைன்னு உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்க. அதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க. கேள்வி கேட்டுக் கேட்டே பார்த்த பொண்ணையெல்லாம் தட்டிக் கழிச்ச மனுஷன், இன்னிக்குத்தான் வாயை மூடிக்கிட்டுத் தலையாட்டறார். இப்படியே முடிச்சிடலாம், சம்பந்தி!"