பார்க்கில் எடுத்த டியூஷன்

இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் முதல் தடவையாக என் மனைவி ஜலஜாவை ஏமாற்றுவது என்று தீர்மானித்தேன். நல்ல காரியத்துக்குத்தான், நம்புங்கள்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையோ யானை விலை. பள்ளிக்கூட வாத்தியார் சம்பளம் போதாமல் மாலையில் டியூஷனும் எடுத்தேன். கச்சேரி ரோடு மருந்துக்கடை அக்பர் பாஷா ஒருநாள் மனமிரங்கினார்.

"இன்னா சார், தொண்டை கட்டிக்கினு கீது? அதே மருந்தை வேற கம்பெனிக்காரனும் போடறான். பேருதான் வேற, சரக்கு ஒண்ணு. கால்வாசி விலை. டாக்டரையும் கேட்டுக்க சார்."

டாக்டர் சரி என்றார். ஜலஜா சரி என்பாளா?

"மலிவு மருந்தா? நாளைக்குத் தண்ணித்துறை மார்க்கெட்ல மாத்திரையைக் கூறு கட்டி வித்தா, அதையும் வாங்கிண்டு வருவேள்!"

ஆகவே பழைய பாட்டிலில் புது மாத்திரையைக் கொட்டி வைத்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம்.

டியூஷனுக்கு இனி அவசியமில்லை. ஆனால் நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! தினமும் ஆறு மணிக்குக் கிளம்பிப் பார்க்கில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். எட்டு மணிக்குக் களைத்த முகத்தோடு வீடு திரும்பினேன். என்ன நடிப்பு!

பாட்டில் தீரவே காணோம். பாஷா கூடுதலாக எண்ணிப் போட்டிருக்கிறார், தங்கமான மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் மாதம் அவள் கால் விரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சிறுநீரை மருந்தோடு காய்ச்சிப் பார்த்தால் செங்கல் நிறம். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

கட்டிலருகே உட்கார்ந்து அழுதேன்.

"ஜலஜா, மலிவு மாத்திரையைக் கொடுத்து உன்னைக் கெடுத்தது நான்தான்."

"மாத்திரை மேல பழி போடாதீங்கோ. நான்தான் பாதி பாதியா உடைச்சுச் சாப்பிட்டேன்."

"பாதியா? ஏன்?"

"நீங்க தினம் பார்க்ல உட்கார்ந்திருக்கேள்னு பக்கத்தாத்து நீரஜா வந்து சொன்னா. பாவம், டியூஷன் போயிடுத்து, சொல்ல வெட்கப்படறார், அவ்வளவு விலைக்கு எங்கே போவார்னு நெனச்சேன்."

கட்டுப் போட்ட அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என் கண்ணைத் துடைத்தாள்.

"விலை குறைஞ்சுடுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா, முழுசா முழுங்கியிருப்பேனே!"