அசையாத கோடும் ஆறு அடுக்குகளும்

வாசகரே, அடுக்குப் பித்தர் என்றோர் இனம் உண்டு. ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் கூட்டத்தில் எந்த மூலையில் தேடினாலும் ஒருவர் அகப்படுவார். எண்களைக் கோடாக வரைந்து காட்டும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பின்னணிக்கு ஒரு பிட்மேப் படம், கட்டங்களுக்கு ஒன்று, அபாய எல்லையின் இளஞ்சிவப்புக்கு ஒன்று, எழுத்துகளுக்கு ஒன்று, எழுத்துகளின் நிழலுக்குத் தனியாக ஒன்று என்று கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதன் வழியே எது எவ்வளவு தெரிய வேண்டும் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் போனால் போகிறதென்று கோட்டுக்கும் ஒரு தாள் ஒதுக்குவார். கோடு எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். கோபம் வரும்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து நவ்ஃபல் இதில் அசல் வித்து. மாமனார் தைய்யிபின் ஆலிவ் எண்ணெய் ஆலைக்கு அவன்தான் சூட்டைக் கோடாகக் காட்டும் கணினித் திரை செய்து மாட்டினான். அரைக்கும் விழுதின் சூடு இருபத்தேழு டிகிரியைத் தாண்டினால் 'குளிர்ப்பிழிவு' முத்திரை கிடைக்காது. பத்து வருடமாகத் தைய்யிப் ஏங்கும் முத்திரை அது. இந்த முறை முதல் பிழிவையே பரிசோதனைக்கு அனுப்பப்போகிறார்.

"மாறாத அடுக்க எதுக்கு மறுபடி வரையணும்?" காபிக் கடையில் நவ்ஃபல் யாரைப் பிடித்தாலும் இதைத்தான் கேட்பான். ஓர் அடுக்கு 'நான் மாறிவிட்டேன்' என்று கை தூக்கினால்தான் அதை மறுபடி வரையும்படி எழுதியிருந்தான். மணி காட்டும் எழுத்துகள் நொடிக்கு நொடி கை தூக்கின. அவற்றின் நிழலும் தூக்கியது. கோட்டுக்குக் கை வைக்க மறந்துபோயிற்று.

நவம்பரில் முதல் பிழிவு. திரையில் மணி ஓடியது, கோடு இருபத்தாறில் படுத்திருந்தது. தைய்யிப் வழக்கம்போல ரொட்டியைப் பிய்த்துப் புது எண்ணெயில் முக்கி வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"மாப்ள, சூடா இருக்கே."

"இருபத்தாறுதான் மாமா. காலையிலேருந்து அசையவே இல்ல பாருங்க."

"அதான் பயமா இருக்கு. ஓடுற ஆலையில எது அசையாம இருக்கும்?"

இயந்திரம் பார்க்கும் ரவ்தா விழுதில் தெர்மாமீட்டரைச் செருகினாள். "இன்ஜினியர் சார், இது முப்பத்தஞ்சுங்குது."

"தெர்மாமீட்டர் பழசு," என்றான் நவ்ஃபல்.

"நானுந்தான் பழசு. அதுக்காகப் பொய் சொல்றேனா?"

அவளுக்கு நிரூபித்துக் காட்ட, படத்தைப் பெரிதாக்கலாமென்று திரையிலிருந்த ஜன்னலின் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்தான். அளவு மாறினால் எல்லா அடுக்குகளும் புதிதாக வரையப்பட்டாக வேண்டும். கோடு ஒரே தாவலில் முப்பத்தைந்துக்கு ஏறி இளஞ்சிவப்புக்குள் போய் நின்றது. ஒரு பிழிவு முழுவதும் பாழ். ஆனாலும், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த நொடியில் அவன் மனதில் முதலில் வந்தது இதுதான்: இளஞ்சிவப்பின் மேல் கோடு எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.

தைய்யிப் மீதி ரொட்டியைத் தட்டில் வைத்தார். "முத்திரை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்தப் படத்தக் கழட்டிட்டுப் போய் உங்க வீட்டுக் கூடத்துல மாட்டிக்குங்க மாப்ள. அழகா இருக்கு."

வைதிருந்தால் தாங்கியிருப்பான். அன்று மாலையே பிழையைத் திருத்தினான், ஒரே வரிதான். கையோடு, சூடு ஏறினால் மினுக்க ஏழாவதாக ஓர் அடுக்கையும் சேர்த்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதை எழுதுகிறவனும் முதல் வரிக்கு முன்னால் தலைப்பின் எழுத்துருவை நான்கு முறை மாற்றிப் பார்த்தவன்தான். நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்கள் வீட்டில், அலுவலகத்தில், எல்லாம் சீராகத்தான் தெரிகிறது, எதுவும் அசையவில்லை. எதற்கும் ஒருமுறை ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்.