கோச் சொல்லி அனுப்பியது

கோச்சுகளில் கத்துகிற கோச் இருக்கிறார், அழுகிற கோச் இருக்கிறார், ஆட்டம் முடியுமுன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிற கோச்சைக்கூட நான் பார்த்திருக்கிறேன். இவர்களால் ஊருக்குப் பெரிய ஆபத்து கிடையாது. நான் சொல்ல வந்தது கலாச்சாரக் கோச்சைப் பற்றி.

இவரை அடையாளம் காண்பது எப்படி? ரொம்பச் சுலபம். "மறுபடியும் தோத்துட்டீங்களாமே?" என்று கேட்டுப் பாருங்கள். மற்ற கோச் என்றால் நடுவரைத் திட்டுவார், காற்றைத் திட்டுவார், முதல் நாள் ராத்திரி பீர் குடித்த ஆட்டக்காரனின் பரம்பரையைத் திட்டுவார். இவர் அப்படியில்லை. கண்ணை ஒரு கணம் மூடி, உங்கள் தோளில் கை வைத்து, "ஸ்கோரைப் பாக்காதீங்க. நாம போற திசையைப் பாருங்க" என்பார். நாங்கள் போன திசை கீழே.

எங்கள் தாராபூல் ஊர்க் கால்பந்து கிளப்புக்கு நான் பதினோரு வருஷமாகத் தண்ணீர் பாட்டில் தூக்குகிறேன். இது ஆஸ்திரேலியக் கால்பந்து, பந்தைக் கையாலும் பிடிக்கலாம். ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் ஓடி ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற வேலை. அதனால் யார் யாரிடம் என்ன பேசினாலும் என் காதில் விழும். வாரிக் டன்ஸ்டன் எங்கள் கோச். வார நாட்களில் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து விற்பவர், தங்கமான மனிதர். போன பிப்ரவரியில் மெல்போர்னில் கோச்சுகளுக்கு நடந்த இரண்டு நாள் முகாமுக்குப் போனார். போகும்போது நல்லபடியாகத்தான் போனார். திரும்பும்போது கலாச்சாரத்தோடு வந்து சேர்ந்தார்.

முதல் காரியமாக, உடை மாற்றும் அறையின் வெளிச்சுவரில் மூன்று வார்த்தைகளை ஆளுயரத்துக்கு எழுதிவைத்தார்: பசி, பணிவு, பொறுப்பு. பக்கத்தில்தான் கேன்டீன். வெளியூர்க்காரர்கள் முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அரை நிர்வாணமாக நிற்கும் ஆட்டக்காரர்களிடம் மீட் பை என்கிற கறி அப்பம் கேட்பார்கள். அடுத்து, செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பந்தை மூட்டையில் கட்டிவைத்துவிட்டு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பயத்தை மனம் திறந்து சொல்ல வேண்டும் என்றார். ஆறரை அடி உயரத்தில் ஒருவன் எங்கள் அணியில் இருக்கிறான், எல்லோரும் அவனைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். அவன் பாவம், தனக்கு வாத்தைக் கண்டால் பயம் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். அடுத்த சனிக்கிழமையிலிருந்து மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் வேலியோரம் நின்று அவனைப் பார்த்து வாத்து மாதிரி கத்தினார்கள்.

ஆட்ட உத்தி? அது இல்லாமலா! அதன் பெயர் 'வலை'. எதிராளியை யாரும் ஒட்டி நிற்கக் கூடாது, அவரவர் தங்களுக்கு ஒதுக்கிய புல்தரையைக் காக்க வேண்டும். எங்கள் பதினெட்டுப் பேரும் புல்லைக் காத்தார்கள். எதிராளிகள் கோல் போட்டார்கள். புல்லுக்கு ஒரு சேதமும் இல்லை.

பதினைந்து ஆட்டம் ஆடி, பதினைந்திலும் தோற்றோம்.

வேடிக்கை இத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். எங்கள் கிளப் தலைவி நெரிடா குரோச், கோதுமை விவசாயி, ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள். ஜூலை மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "புதுசா யாரும் சேர மாட்டேங்கறாங்க. இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கலைன்னா பக்கத்து ஊர் பீரிமல் கிளப்போட நம்மளை இணைச்சிடுவாங்க. நம்ம மைதானத்துல ஆடு மேயும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அன்று வாரிக் கூட ஸ்கோரைப் பார்த்தார்.

மிச்சமிருந்தது ஒரே ஆட்டம். அதுவும் அந்தப் பீரிமலோடு. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, எங்களில் ஒழுங்காகக் கோல் போடத் தெரிந்த ஒரே ஆளான டோபி ரென்னி, பயிற்சிக்கு ஒன்பது நிமிஷம் தாமதமாக, முழங்கை வரை ஈரமாக வந்து நின்றான்.

"மணி என்ன, டோபி?"

"அஞ்சு முப்பத்தொம்பது, கோச். ஒரு ஆடு குட்டி போட முடியாம தவிச்சிட்டிருந்துச்சு..."

"ஆடு நம்ம கலாச்சாரத்துல இருக்கா?"

"இல்ல கோச். கொட்டகையில இருக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். வாரிக்கின் காது சிவந்துவிட்டது. "சனிக்கிழமை நீ ஆடல. எனக்குச் செய்தி ஆளா ஓடு. சொன்னதைக் கேக்கறதுன்னா என்னன்னு அப்பவாவது தெரியட்டும்."

எங்கள் ஆட்டத்தில் கோச் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. அவர் சொல்வதைப் பளிச்சென்று சட்டை போட்ட ஒருவன் உள்ளே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டையைத்தான் டோபிக்கு மாட்டினார்கள்.

சனிக்கிழமை மழை. ஆட்டத்தின் நாலு கால் பகுதிகளில் முதலாவது முடிவதற்குள் நாலு கோல் பின்னால். வாரிக், ஆட்டக்காரர்களைக் குறிக்கும் காந்த வில்லைகள் ஒட்டிய பலகையை மடியில் வைத்துக்கொண்டு டோபியை அழைத்தார். "பொடிசுகிட்ட சொல்லு. வலையோட மேல் விளிம்பை இடது பக்கம் பன்னெண்டு டிகிரி சாய்ச்சு, வெற்றிடத்தைத் தன் உரிமையாக்கிக்கணும்."

டோபி ஓடினான். நானும் பாட்டிலோடு போய்ச் சேர்ந்தேன்.

"கோச் சொல்றாரு, அந்தத் தாடிக்காரனை விடாதே. அவன் மூத்திரம் பெய்யப் போனாலும் கூடவே போ."

பொடிசு வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான். "கோச்சா இப்படிச் சொன்னாரு?"

"அவரு கொஞ்சம் நீளமாச் சொன்னாரு. நான் சுருக்கிட்டேன்."

பீரிமலுக்குக் கோல் போட்டுக்கொண்டிருந்த அந்தத் தாடிக்காரனோடு பொடிசு ஒட்டிக்கொண்டான். தாடிக்காரனுக்கு அதற்கப்புறம் பந்தே கிடைக்கவில்லை. வாரிக் துள்ளி எழுந்து, "பாத்தியா நெரிடா, பன்னெண்டு டிகிரி!" என்று கூவினார். அடுத்து, 'தாளத்தின் உரிமையாளர்களாக மாறுங்கள்' என்று ஒரு செய்தி போயிற்று. அது உள்ளே போய்ச் சேர்ந்தபோது, 'பந்து கிடைச்சா யோசிக்காம நேரா உதைங்கடா' என்று ஆகியிருந்தது. இப்படியே மீதி மூன்று கால் பகுதியும் போயிற்று. வாரிக் அனுப்பியதில் ஒன்றுகூட அனுப்பியபடி போய்ச் சேரவில்லை. எங்கள் ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது.

ஆட்டம் முடிய இரண்டே நிமிஷம். நாலு பாயிண்ட் பின்னால் இருந்தோம். ஒரு கோலுக்கு ஆறு. ஒவ்வொரு கோலுக்கும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த வண்டிகள் வேலியைச் சுற்றி அடங்கிக் கிடந்தன. செய்திக்காகக் காத்து நின்றான் டோபி. வாரிக் ஒரு வில்லையை எடுத்தவர் அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தோணல டோபி. எங்கப்பா ஆடின மைதானம் இது. என்ன செய்யறதுன்னே தெரியலடா."

டோபி ஓடினான். இந்த முறை என்ன சுருக்கம் சொல்லப் போகிறான் என்று நானும் பின்னால் ஓடினேன்.

"கோச்சுக்கு ஒண்ணும் தோணலையாம். அவங்கப்பா ஆடின மைதானமாம். என்ன செய்யறதுன்னே தெரியலையாம்."

அன்றைக்கு அவன் மாற்றாமல் சொன்னது இது ஒன்றுதான்.

சேறு பூசிய முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அப்பாடா!" என்றான் பொடிசு. "எனக்குப் பிப்ரவரியிலிருந்தே தெரியல. நான் மட்டும்தான் மக்குன்னு நெனச்சேன்." ஒருவன் சிரித்தான், இன்னொருவன் சிரித்தான், மழையில் நின்றபடி எல்லோரும் சிரித்தார்கள். "சரி வாங்கடா, அந்த மனுஷனுக்காக ஒண்ணு போடுவோம்" என்று ஒரு குரல் வந்தது. பந்து உயரே வந்தது. தாடிக்காரனின் தோளில் முழங்காலை ஊன்றி ஏறிப் பொடிசு அதைப் பிடித்தான். உதைத்தான். அவ்வளவு அசிங்கமான உதையை நான் பார்த்ததே இல்லை. பந்து தள்ளாடி, தரையில் விழுந்து, உருண்டு, நடுக் கம்பங்களுக்கு இடையே போய்ப் படுத்துக்கொண்டது. ஆறு பாயிண்ட். ஆட்டம் முடிந்த சங்கு ஒலித்தது. இரண்டு பாயிண்டில் ஜெயித்தோம்.

ஊரிலுள்ள ஹார்ன் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. நெரிடா ஈரப்புல்லில் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

உடை மாற்றும் அறையில் வாரிக் பெஞ்சின் மேல் ஏறினார். கண் கலங்கியிருந்தது. மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஒரு தலைவன் எப்ப தன் பலவீனத்தைக் காட்டணும்? கடைசி ரெண்டு நிமிஷத்துல! அதுக்காகத்தான் அந்தச் செய்தியைப் பிப்ரவரியிலிருந்து பத்திரமா வெச்சிருந்தேன். அடுத்த வருஷம் செவ்வாய்க்கிழமை தோறும் அரை மணி நேரம் நாம எல்லாரும் ஒண்ணும் தெரியாம இருக்கப் பயிற்சி எடுப்போம். அப்புறம் டோபி! நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாமக் கொண்டு போனான். எல்லாரும் கை தட்டுங்க!"

அறை முழுக்க இருமல் கிளம்பியது. டோபி குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தவன் நிமிரவே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் அலுவலகத்தில், அல்லது வீட்டிலேயே, நீங்கள் அரை மணி நேரம் விளக்கிச் சொன்னீர்களே ஒரு திட்டம், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனவர் வெளியே மற்றவர்களிடம் அதை எப்படிச் சொன்னார் என்று கதவோரம் நின்று கேட்டதுண்டா? காரியம் நன்றாக நடந்துகொண்டிருந்தால், தயவுசெய்து கேட்காதீர்கள்.