அத்தானின் காக்கிக் கோட்டு

மழை விட்டபாடில்லை. பத்து மணிக்குக் காணிக் கச்சேரி, அரசாங்கம் காணி பங்கிடுகிற விசாரணை. வீரகத்தியிடம் குடையும் இல்லை.

குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல். விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம். பெயரைக் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் காணி அடுத்தவனுக்குப் போய்விடும். அதற்காகவே பளையில் முதல்நாளே ரயிலேறி, வவுனியாவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அக்கா புருஷன் மயில்வாகனத்தின் வீட்டில் வந்து தங்கியிருந்தான்.

விடியவே எங்கோ போய் நனைந்து வந்த மயில்வாகனம், அலுமாரியைத் திறந்து தன் பழைய பட்டாளத்துக் கோட்டை எடுத்தார். மனுசன் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நாலு வருடம் எகிப்தில் லொறி ஓட்டியவர். ஊரில் ஒருவரிடமும் அதைப்பற்றி மூச்சு விட்டதில்லை.

"இதைப் போட்டுக்கொண்டு போ, தம்பி. நனையமாட்டாய்."

"நெஞ்சில மெடல் கிடக்கு, அத்தான்."

"கழட்டாதை, துணி கிழிஞ்சுபோம்." சொல்லிக்கொண்டே ஒரு சிவப்புக் கடதாசிப் பொப்பிப் பூவையும் பக்கத்தில் குத்திவிட்டார். அன்று நவம்பர் பதினொன்று, சண்டைக்குப் போனவர்களை ஊர் நினைக்கிற நாள்.

"ஒரு சைக்கிள் தாங்கோவன்."

"எல்லாம் காத்துப் போய்க் கிடக்கு."

கடைத்தெருவில் கால் வைத்ததுதான் தாமதம், தேத்தண்ணிக் கடை மீராசாகிபு பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

"பட்டாளத்து ஐயா! எங்களுக்காகச் சண்டை பிடிச்ச மனுசன் மழையில நடக்கிறதோ? உள்ள வாங்கோ!"

"நான் சண்டைக்குப் போகேல்லை, மீராசாகிபு நானா. கோட்டு மட்டுந்தான்..."

"பாருங்கோ, துளிப் பெருமை இல்லாத ஆள்!"

கடையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தேத்தண்ணி, வடை, திரும்பவும் தேத்தண்ணி. மணி ஒன்பதரை.

இந்தக் கோட்டுத்தானே சனியன் என்று வீரகத்தி அதைக் கழற்றினான். கையிலே நீளத் தழும்பு.

"ஐயோ, வெடிபட்ட காயம்!" என்றார் ஒருவர்.

"எருமை குத்தினது!"

"வலியைக்கூடப் பகிடியாக்கிறார்!" மீராசாகிபுக்குக் கண் கலங்கிவிட்டது. கோட்டைத் தானே திரும்ப மாட்டிவிட்டார்.

செய்தி தில்லைநாதன் மாஸ்டருக்குப் போயிற்று. பொப்பி தினக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். குடையோடு ஓடிவந்தார்.

"மேடை இருக்கு, மாலை இருக்கு, ஆள்தான் இல்லையெண்டு மூண்டு வருசமாத் தவிக்கிறன். வாரும் ஐசே!"

மேடையில் கதிரை போட்டு இருத்திவிட்டு, மாஸ்டர் இராமாயணத்திலிருந்து பேச்சைத் தொடங்கினார். பத்து மணி அடித்தபோது அனுமார் இன்னும் கடல் தாண்டவில்லை.

மாலையும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம், உண்மையைச் சொல்லிவிட்டாவது கச்சேரிக்கு ஓடுவோம் என்று வீரகத்தி எழுந்தான். அப்போது முன்வரிசையிலிருந்த நாகேஸ்வரி என்கிற அம்மா மெல்ல ஏறிவந்து அவன் கோட்டுக் கையைத் தடவினா.

"என்ர மூத்தவன் சிங்கப்பூருக்குப் போனவன், திரும்பி வரேல்லை. நீயாவது வந்திட்டாய், ராசா. அது காணும்."

இந்தத் தாயிடம் எருமைக் கதையை எப்படிச் சொல்வது? வீரகத்தி தலையைக் குனிந்து கொடுத்தான். அவாவே மாலையைப் போட்டா.

அவா இறங்கிப் போன பிறகுதான் மாஸ்டரின் காதில், "எனக்குக் காணிக் கச்சேரி..." என்று இழுத்தான்.

"வீரனுக்குக் காணியோ! எல்லாரும் நடவுங்கோ!"

முன்னால் மேளம், பின்னால் சனம், நடுவில் வீரகத்தி. மேளக்காரர் சந்திக்குச் சந்தி நின்று வாசித்தார்கள். கச்சேரி வாசலுக்கு வந்துசேர மணி பதினொன்றரை.

வாசலில் நின்ற பியோன் ஐயாத்துரையிடம் அழாக்குறையாகப் போனான்.

"வீரகத்தி, பளை. என்ர பேர் கூப்பிட்டாச்சோ, அண்ணை? மூண்டு ஏக்கரும் போச்சோ?"

ஐயாத்துரை கோட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், பின்னால் நின்ற மாஸ்டரையும் பார்த்தார். பிறகு அவன் காதோடு குனிந்தார்.

"பதறாதையும். 'மச்சான் எனக்குப் பதிலா மாலை போடுவிச்சுக்கொண்டுதான் வருவான், அவன்ர பேரைக் கடைசியாக் கூப்பிடுங்கோ' எண்டு உம்மட அத்தான் விடியவே வந்து சொல்லிப்போட்டுப் போனவர். நானும் அவரோட எகிப்தில நிண்டனான்தான், வாற வருசம் என்ர கோட்டைப் போடுவீரோ?"