கயலின் கண்ணீருக்கு நான் செய்த முதலுதவி

விலங்கியல் ஆசிரியர் அப்பாவாகவும் இருப்பது வீட்டுக்கு நல்லதல்ல. பத்தொன்பது வருடமாக இரண்டு வேலையையும் பார்க்கும் நானே ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் ஆடிக் கடைசி. மறுநாள் மகள் கயலைச் சென்னையில் கல்லூரி விடுதியில் விட வேண்டும். கொல்லைக்குப் பின்னால் இருக்கும் வயலில் குறுவை நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வரப்புப் பக்கம் போய்விட்டு வந்தவளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

என் தலைக்குள் பாடம் ஓடத் தொடங்கியது. நரம்பு செல்லின் முனையில் குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. சேதி வந்ததும் அவை விளிம்போடு ஒட்டித் திறந்து, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை இடைவெளியில் கொட்டும். அது அடுத்த செல்லைத் தட்டி எழுப்பும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். சில பூச்சிமருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்கும். அப்புறம் தட்டுவது நிற்காது. கண்ணீரும் வியர்வையும் நிற்காது. கண்மணி கடுகாகச் சுருங்கும். (மூச்சு நின்றுபோகலாம் என்ற வரியை மட்டும் வகுப்பில் வேகமாகத் தாண்டிவிடுவேன்.)

டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்தேன். கண்மணி சட்டென்று சுருங்கியது. சந்தேகமே இல்லை, மருந்துதான்!

அடுத்த நிமிடம், போட்டிருந்த துணியோடு அவள் தலையில் இரண்டு வாளித் தண்ணீர்.

"அப்பா! பாக்கெட்ல போன் இருக்கு!"

சொட்டச் சொட்ட ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன்.

டாக்டரம்மா நான் சொன்ன டார்ச் கதையைக் கேட்டுவிட்டு, பொறுமையாகப் பரிசோதித்தார். "வெளிச்சம் பட்டா எல்லாருக்கும் சுருங்கத்தான் சார் செய்யும். நீங்க என்ன பண்றீங்க?"

"வி... விலங்கியல் வாத்தியார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணு நல்லாதான் இருக்கு. உங்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டுது. உக்காருங்க. நீ ஏம்மா அழுத?"

கயல் என்னை ஒரு தடவை பார்த்தாள். "நாளைக்கு ஊருக்குப் போறேன்ல டாக்டர். இவரு முன்னாடி அழுதா என்னை அனுப்ப மாட்டாரு. அதான் வரப்புல வெயில்ல நின்னு அழுதுட்டு வந்தேன்."

என் நரம்புகள் தம்மிடம் இருந்த பையையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டன போலிருக்கிறது. நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"டார்ச் அடிச்சுப் பாக்கவா சார்?" என்றார் டாக்டரம்மா.

விடுதிக்குப் போன முதல் வாரம் கயலிடமிருந்து சேதி வந்தது: "அப்பா, அழுதுட்டு இருக்கேன். மருந்து இல்ல. வீட்டு ஞாபகம்தான்."

இப்போது வெங்காயம் நறுக்கும் என் மனைவிகூட "மருந்து இல்லங்க" என்று அறிவித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைக்கிறாள். கயலுக்கு மட்டும் நான், "சரிம்மா, நல்லா அழு" என்று பதில் போட்டுவிட்டு, மூச்சு சீராக வருகிறதா என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்வேன்.