ஆறாம் நாள் அழுகை

ஆறாம் நாள் மனிதனைப் படைத்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, நிகில் அழ ஆரம்பித்துவிட்டான்.

படைப்புக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஜாய்சன் சட்டென்று கதவைப் பார்த்தான். கிழக்குத் தாம்பரத்தில் அந்தச் சர்ச்சின் சண்டே ஸ்கூலுக்கும் ஆராதனைக்கும் நடுவே ஒரே ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவ உன் கிளாஸ்ல அழுக சத்தம் கேட்டுச்சு, கிளாஸ வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்று சண்டே ஸ்கூல் பொறுப்பாளர் ரத்தினபாய் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

ஜாய்சனைப் பாடகர் குழுவிலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மைக் செட்டை அவன் தொட்ட அன்று அது புகைந்தது. மிஞ்சியது இந்த ஐந்து வயதுக் கூட்டம்தான். மற்ற ஆறு நாளும் மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் மேற்பார்வை வேலை. தண்ணி லாரி வரவில்லை என்று நூற்றிருபது வீட்டுக்காரர்களிடமும் திட்டு வாங்குவான். வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் அவனை யாராவது சார் என்று கூப்பிட்டார்கள்.

அவன் தப்பாக எதுவும் சொல்லவில்லை. "கடவுள் ஒரே மாதிரி ரெண்டு பேரப் படைக்கல. உன்ன மாதிரி உலகத்துலயே யாரும் கிடையாது" என்று வரிசையாக ஒவ்வொரு பிள்ளையையும் காட்டிச் சொன்னான். அவ்வளவுதான்.

"ஏண்டா அழற?"

"எங்கம்மாவும் என்ன இப்படித்தான் சொல்வாங்க சார்."

"எப்ப?"

"டிவி ரிமோட்ட பக்கெட்ல போட்டப்ப. பொம்மைய சாம்பார்ல குளிப்பாட்டுனப்ப."

ஜாய்சனுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய அம்மாவும் இருபத்தாறு வருஷமாக அவனை இதே வார்த்தையில்தான் திட்டுகிறாள்.

"டேய், உன்ன மட்டும் சொல்லலடா. இங்க இருக்கிற எல்லாரையும்தான் சொன்னேன்."

நிகில் ஒரு கணம் நிறுத்தி, சுற்றிப் பார்த்தான். பத்துப் பிள்ளைகள். பிறகு இரண்டு மடங்கு சத்தமாக அழுதான்.

சரி, வார்த்தையை மாற்றலாம். "அழாதடா. ரேஷ்மா, அசரியா, நீ, எல்லாருமே ஸ்பெஷல்."

அசரியாவின் உதடு பிதுங்கியது. "ஸ்பெஷல் கிளாஸா சார்? மேத்ஸ்ல ஃபெயிலானா எங்கண்ணனுக்கு வெப்பாங்களே, அதா?"

"அது இல்லடா, இது வேற."

"நான் இன்னும் மேத்ஸே படிக்கல சார்" என்று அசரியாவும் அழுதான்.

ஜாய்சன் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான். "இங்க பாருங்க. கம்பெனியில ஒரே மாதிரி ஆயிரம் பொம்ம செய்வாங்க. கடவுள் அப்படி இல்ல. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு பீஸு. புரியுதா?"

"பீஸா?" பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்றான். "எங்க மாமா எங்கப்பாவ அப்படித்தான் சொல்வாரு. சரியான பீஸுன்னு."

அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை. "நீ பீஸு", "நீதான்டா பீஸு" என்று ஆளுக்கு ஆள் கைநீட்டினார்கள். அழாதவர்கள் கத்தினார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரசங்கம் நின்றுபோனது.

கதவு திறந்தது. முன்னால் ரத்தினபாய், பின்னால் நிகிலின் அம்மா ஜெனி.

"என்ன ஜாய்சன் இது? பிரசங்கம் பண்ற ஐயரு பாதியில நிக்கிறாரு."

"அக்கா, என் தப்பு இல்லக்கா. உன்ன மாதிரி யாரும் இல்லடான்னு சொன்னேன். வீட்ல அவன அப்படித்தான் திட்டுவாங்களாம்."

ரத்தினபாய் ஜெனியின் பக்கம் திரும்பினார். ஜெனிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கோவத்துல வந்துரும் அக்கா. இவன் பண்றதுக்கு வேற என்ன சொல்றது?" மண்டியிட்டு மகனின் கண்ணைத் துடைத்தாள். "இனிமே அம்மா அப்படிச் சொல்லவே மாட்டேன்டா செல்லம். நீயும் எல்லாப் பசங்க மாதிரிதான்."

நிகில் தரையில் விழுந்து உருண்டான்.

ஜெனி பயந்து எழுந்துவிட்டாள். ரத்தினபாய் கையை நீட்டினார். "ரூம் சாவியக் குடு ஜாய்சன். ஒரு மணி நேரமா என்னத்தச் சொல்லிக் குடுத்த நீ? ஒரு பிள்ளைக்காவது பாடம் புரிஞ்சுதா?"

ஜாய்சன் சட்டைப் பையில் சாவியைத் தேடினான்.

ஒட்டகச்சிவிங்கிக்கு ஊதா கலர் அடித்துக்கொண்டிருந்த ரேஷ்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"நிகிலுக்குத்தான் நல்லாப் புரிஞ்சுது ஆன்ட்டி. உலகத்துலயே அவன் ஒருத்தன் மட்டும்தான் அப்படின்னு இத்தன நாளா பெருமையா சொல்லிக்கினு இருந்தான். சார் அத எங்க எல்லாருக்கும் குடுத்துட்டாரு."